கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பொடுகும்

பொடுகைப் பற்றி எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "சர்க்கரை, பிரஷர், முட்டி வலின்னு எழுதுனா நாலு பேருக்கு ஆகும். பொடுகை யாருங்க உக்காந்து படிப்பாங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பொடுகினால் யாரும் செத்ததில்லை. ஆனால் ஒரு பெண் பொடுகினால் சொந்தபந்தத்துக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் தலையின் கதை கொஞ்சம்.

எனக்குப் பொடுகு வந்தது பி.யு.சி. படிக்கும்போது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சுண்டு என்பார்கள். வெள்ளைச் சட்டை போடுகிறவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. 1976-ல் ரயில்வேயில் வேலை கிடைத்து, டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ரெண்டு தோளிலும் ரவை சிந்தினாற்போல் கிடந்தது.

இரவு வண்டி வேலை. ஏற்காடு எக்ஸ்பிரஸ், சேரன் என்று மாறி மாறிப் போவேன். பெர்த் கேட்டு நிற்கிறவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் அவர் பார்வை ஒரு தடவை தோளுக்கு இறங்கிவிட்டுத்தான் மேலே வரும். ஒரு முறை ஒரு குழந்தை, "அம்மா, டிடிஆர் மாமா தலையெல்லாம் மாவு" என்றது. அம்மா அதன் வாயைப் பொத்தினாள். நான் சார்ட்டைப் பார்க்கிறாற்போல் குனிந்துகொண்டேன். குனிந்ததில் சார்ட்டின் மேலும் நாலு பொடி விழுந்தது. அதற்குப் பிறகு கோட்டுப் பையில் ஒரு துணி பிரஷ் வைத்துக்கொண்டேன். ஜோலார்பேட்டையில் டீ குடிக்கிறேனோ இல்லையோ, கதவோரம் நின்று கோட்டைக் கழற்றி ஒரு உதறு உதறிவிடுவேன்.

அம்மாவுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான், எண்ணெய். சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. நல்லெண்ணெயில் ரெண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுமுன்னே உச்சியில் வைத்துத் தட்டுவாள். அரைமணி, ஒரு மணி ஊறிய பிறகு அரப்பு. சீயக்காய் ஊருக்கெல்லாம் தெரியும். அரப்பு கொங்குப் பக்கத்து ஆட்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. கரைத்தால் வழுவழுவென்று வரும். எண்ணெயை எடுக்கும், தலையும் குளிரும். சரியாக அலசாவிட்டால் பொடி முடியிலேயே தங்கி அதுவே பொடுகு போலத் தெரியும் என்பது வேறு சங்கடம்.

அம்மா சொன்ன காரணம் இதுதான்: "தலை காஞ்சு போச்சு, அதான் உரியுது." விவசாயி வீட்டுக்காரி அப்படித்தான் நினைப்பாள். தண்ணீர் காயாத வயலில் பாளம் வெடிக்குமா? காய்ந்ததற்கு ஈரம் கொடு, உரிவதற்கு எண்ணெய் கொடு. எண்ணெய் வைத்ததும் பொடுகு மறைந்துபோவதையும் கண்ணால் பார்த்தோம். மூன்றாம் நாள் மறுபடி கோட்டில் வந்து உட்கார்ந்தது. அதற்கும் அம்மாவிடம் விடை இருந்தது. "மறுபடி காஞ்சு போச்சு."

1980-களில் கடலூரிலிருந்து சிக் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. ஒரு பாக்கெட் வாங்கிக் கிழித்துத் தேய்த்தால் தலை முழுக்க நுரை. நம் ஆட்கள் ஷாம்பு என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்தார்கள். அந்தச் சொல்லே நம் நாட்டிலிருந்து போனது. சம்பி, அமுக்கிப் பிடித்துவிடுதல் என்ற இந்திச் சொல்லின் வழிதான் ஷாம்பு. பாட்னாக்காரரான சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் பிரைட்டன் ஊரில் குளியல் நிலையம் வைத்து வெள்ளைக்காரத் துரைகளுக்கு உடம்பு பிடித்துவிட்டு, அரசர்களுக்கே ஷாம்பு வைத்தியர் ஆனார். தலைக்குத் தேய்க்கும் திரவம் என்ற பொருள் அப்புறம்தான் வந்தது. சரி, பாதை மாறிவிட்டேன்.

என் பொடுகு ஓய்வு பெறும் வரை கூட வந்தது. கடைசிப் பத்து வருஷம் ஒரு தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்புவால் அடங்கியிருந்தது. 2014-ல் கோட்டைக் கழற்றிய பிறகு அதைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. அண்ணன் தலையைப் பார்க்கும் வரை.

அண்ணனுக்கு இப்போது 79. கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளுமாகப் பண்ணையம் செய்தவர். எட்டு வருஷமாக நடுக்குவாதம். டாக்டர்கள் பார்க்கின்சன் என்கிறார்கள். அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியக்காலை போய்விடுவான். மற்ற நாளெல்லாம் அவரைப் பார்ப்பது மருமகள்தான். மாத்திரை, சாப்பாடு, குளியல், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போவது, எல்லாம் அந்த ஒருத்தி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். அண்ணனை முன்வரிசையில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, தோளில் துண்டு. எல்லாம் சுத்தம். ஆனால் தலை முழுக்க மஞ்சளாகச் செதில். நெற்றி ஓரம், புருவம், மூக்குப் பக்கம், காதுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து பொருக்கு விட்டிருந்தது. துண்டின் மேல் உமி கொட்டினாற்போல் கிடந்தது.

அங்கே வந்த எங்கள் அத்தை ஒருத்தி, குரலைத் தாழ்த்தத் தெரியாதவள், அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கட்டுனவ போயிட்டா ஆம்பளைக்கு இதுதான் கதி. தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வெக்கக்கூட ஆளில்லை பாரு." பக்கத்தில் இருந்த ரெண்டு மூன்று பேர் "ஆமா ஆமா" என்றார்கள். மருமகள் கையில் தண்ணீர் டம்ளரோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து வெளியே போய் உதறிவிட்டுக் கொண்டுவந்து மறுபடி போட்டாள். அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும். நடுக்குவாதத்தில் முகம் அசைவு இழந்துவிடும், சிரித்தாலும் வருத்தப்பட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். அன்றைக்கு அவர் என்ன நினைத்தார் என்று அந்த முகத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

பதினைந்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். திண்ணையில் விளக்கெண்ணெய்ப் பாட்டில் பாதி காலியாக இருந்தது. "காலையும் ராத்திரியும் வைக்கிறேன் மாமா. இனி யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதில்லீங்களா" என்றாள். அண்ணன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். வாரக்கணக்கில் கழுவாத தோசைக்கல் போல் அடை அடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் நகம் பட்டு ரத்தம் காய்ந்திருந்தது. கை நடுக்கத்தோடு ராத்திரி முழுக்கச் சொறிகிறாராம். இது என் கோட்டுப் பொடுகு மாதிரி இல்லை என்று பட்டது. மறுநாளே காரை வைத்து ஈரோட்டுக்கு, தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டரம்மா தலையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். "நடுக்கம் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். தலைச் செதிலுக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் விழித்தோம். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் இந்த மாதிரி எண்ணெய்ப் பசையோடு செதில் வருவது மற்றவர்களைவிட அதிகம், அந்த நோயோடு சேர்ந்து வருகிற ஒன்றுதான் என்றார். செபோரிக் டெர்மடைடிஸ் என்று சீட்டில் எழுதினார். சாதாரணப் பொடுகும் இதுவும் ஒரே குடும்பம், இது முற்றிய நிலை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். நம் எல்லோருடைய தலைத்தோலிலும் ஒரு வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. அழுக்குத் தலை, சுத்தத் தலை என்ற பேதம் அதற்கு இல்லை. மலசீசியா என்று பெயர். 1874-ல் அதைக் கண்டு எழுதிய மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்குச் சாப்பாடு நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை. அந்தப் பசையைத் தின்று அது மிச்சம் விடுகிற சில கொழுப்பு அமிலங்கள் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் எரிச்சல் பட்டு, சுமார் ஒரு மாதத்தில் நிதானமாக உதிர வேண்டிய மேல்தோலை அவசர அவசரமாகத் தள்ளிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தனித்தனியாக விழ வேண்டியது, கட்டி கட்டியாகச் சேர்ந்து விழுகிறது. அதுதான் பொடுகு. எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யத் தொடங்குகிற வாலிபத்தில் அது ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம். எனக்கு பி.யு.சி.யில் வந்த கணக்கு அப்போது புரிந்தது.

"அப்ப எண்ணெ?" என்று மருமகள் கேட்டாள். குரல் கம்மியிருந்தது. டாக்டரம்மா அவளைக் குற்றவாளி போலப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. எண்ணெய் செதிலை ஊறவைத்துப் படியவைக்கும், அதனால் கொஞ்ச நேரம் இல்லாதது போலத் தெரியும், ஆனால் தலையிலேயே விட்டுவைத்தால் செதிலும் அதிலேயே ஒட்டிக்கிடக்கும், பூஞ்சைக்கும் சௌகரியம் என்றார். குளிப்பதற்கு ஒரு மணி முன்னால் லேசாகத் தடவி, ஊறியதும் ஷாம்பு போட்டு முழுக்க எடுத்துவிட்டால் தவறில்லை என்றும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அம்மாவின் சனிக்கிழமை முறை அதுதானே? வைத்தாள், ஊறவைத்தாள், அரப்புப் போட்டு எடுத்தாள். நாள் முழுக்க வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு திரிவது வேறு. அம்மாவுக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேலேயே போடுவேன்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்றைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். "இது கவனிக்காததால வந்தது இல்லைம்மா. நீங்க எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் இவருக்கு வந்திருக்கும். மத்தவங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது." மருமகள் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து காரில் ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பவானி தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் அண்ணன்தான், "டீ குடிக்கலாமா" என்று மெல்லக் கேட்டார்.

அண்ணனுக்குக் கொடுத்த வைத்தியம் இது. முதலில் அடையைக் கரைக்க ஒரு வாரம் ராத்திரியில் தடவ ஒரு களிம்பு, சாலிசிலிக் அமிலமும் நிலக்கரித் தாரும் கலந்தது. அதன் வாசனை எனக்கு உடனே பழைய மரத் தண்டவாளக் கட்டைகளை ஞாபகப்படுத்தியது. பிறகு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் ரெண்டு முறை, நாலு வாரம். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை. புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் தனியாக ஒரு கிரீம், அதுவும் குறிப்பிட்ட நாள் மட்டும். கண் இமையில் படியும் பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இது அவருக்கு எழுதியது. உங்கள் தலைக்கு உங்கள் டாக்டர்.

ஷாம்பு விஷயத்தில் ஒரே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை, பாட்டிலில் பொடி எழுத்தில் இருப்பதை நம் கண்ணால் படிக்க முடிவதில்லை. மருந்து ஷாம்புவைப் போட்டவுடன் அலசக்கூடாது. முடியில் அல்ல, தலைத்தோலில் படுமாறு விரல் நுனியால் தடவி, 5 நிமிஷம் அப்படியே விட வேண்டும். உடனே அலசினால் மருந்து பாதி சாக்கடைக்குப் போகிறது. "அந்த ஷாம்பு போட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்கிற நண்பர்களிடம் எத்தனை நிமிஷம் வைத்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதில். இன்னொன்று, இது முழுக்கப் போய்விடுகிற சமாச்சாரம் இல்லை. அடங்கும். நிறுத்தினால் சில மாதத்தில் தலைதூக்கும். பூஞ்சை அங்கேயே குடியிருக்கிறதல்லவா, அதனால் பத்து நாளைக்கு ஒரு தடவையாவது தொடர வேண்டும். பிரஷர் மாத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வயசுக்காரர்களுக்கு உண்மையிலேயே வறண்ட தலையும் வருகிறது. வயதாக ஆகத் தோலில் எண்ணெய் குறைகிறது. வறட்சி என்றால் செதில் சின்னதாக, வெள்ளையாக, உலர்ந்து இருக்கும். சிவப்பு இருக்காது. மார்கழியில் கூடும். கை கால் தோலும் அதே சமயம் வெளுத்துக் கோடு விழும். அப்படிப்பட்ட தலைக்கு எண்ணெய் நன்மைதான். மஞ்சளாகப் பிசுபிசுப்போடு, அரிப்பும் சிவப்புமாக, புருவம் மூக்கோரம் காதோரம் என்று பரவினால் அது மற்றது. முடி எல்லையைத் தாண்டி நெற்றியில் தடிப்பாக, வெள்ளி நிறத்தில் செதில் வந்து, முழங்கை முட்டியிலும் இருந்தால், நகத்தில் குழி குழியாக விழுந்தால், அது சோரியாசிஸாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. பள்ளிக்கூடப் பேரப்பிள்ளைகளின் தலையில் வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பொடுகாக இருக்காது. ஊதினால் பறக்காமல் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈர். வட்டமாக முடி கொட்டிச் செதில் விட்டால் படை.

உப்புத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உடம்புக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் தலைமுறை ஆண்களில் பாதிப் பேருக்கு உண்டு. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் பக்கெட் ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் பிசுக்குத் தலையிலும் படியும். குடிக்கிற ஆற்றுத் தண்ணீரில் ரெண்டு சொம்பு கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று தலைச் சாயம். கல்யாணப் பத்திரிகை வந்தால் சாயப் பாக்கெட்டும் வாங்குகிறவர்களுக்கு இது. கறுப்புச் சாயங்களில் பிபிடி என்றொரு ரசாயனம் இருக்கிறது. பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்து, பதினோராவது வருஷம் ஒவ்வாமை காட்டும். தலை அரிக்கும், நீர் வடியும், காய்ந்து செதில் விடும், கண் வீங்கும். அதைப் பொடுகென்று நினைத்து மறுபடி சாயம் போட்டால் இன்னும் மோசமாகும். என் நண்பர் ஒருவர் இப்படி அவதிப்பட்டு, இப்போது நரைத்த தலையோடு வருகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், முன்னைவிட லட்சணமாக இருக்கிறார்.

வீட்டு வைத்தியம் கேட்பீர்கள். பொடுதலை என்று ஒரு கொடி உண்டு. வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் தரையோடு படரும், சின்னதாக வெளிர் ஊதாப் பூ. பேரிலேயே பொடுகை வைத்துக்கொண்டிருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் பொடுதலைத் தைலம் பழைய சரக்கு. அண்ணி அதை அரைத்து வைப்பாள், தலைக்கு இதமாக இருக்கும் என்று அண்ணன் சொல்வார். இதம் தருவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புண்ணான தலையில் எலுமிச்சை பிழிவது, வெங்காயச் சாறு தேய்ப்பது எல்லாம் எரிச்சலைக் கூட்டுகிற வேலை. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குகிற களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் அற்புதமாகக் கேட்கும். மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து சிவந்துபோகும். டாக்டரம்மா இதை ரெண்டு தடவை சொன்னார், அதனால் நானும் அழுத்திச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு காதுகுத்தில் அதே அத்தையைப் பார்த்தேன். அண்ணனும் வந்திருந்தார், தலை சுத்தமாக இருந்தது. "இப்பத்தான் மருமக எண்ணெ வெக்கறா போலிருக்குது" என்றாள் அத்தை. அதே மூன்று நான்கு பேர் கேட்கும்படி நானும் குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்: "எண்ணெ வெக்கறதை நிறுத்துனதுக்கு அப்புறம்தான் அத்தை சரியாச்சு. அது அந்த நடுக்க நோயோட வர்றது. கவனிக்காம வந்ததில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அவ கவனிக்கலைன்னா அண்ணன் இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டாரு." அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் முந்தானையை விலக்கி, காதுக்குப் பின்னால் காட்டி, "இது என்னன்னு பாரு கண்ணு, ரெண்டு வருஷமா அரிக்குது" என்றாள். டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். மருமகளும் பந்தியில் அத்தைக்கு இலை போட்டாள், ரெண்டாவது தடவை பாயசமும் ஊற்றினாள். நானாக இருந்தால் ஊற்றியிருப்பேனா தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குத் தலைக்கு ஊற்றுவது என் வேலை. ஈரோட்டிலிருந்து காலை பஸ். அந்த ஒரு பொழுதாவது மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போய்வரட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். குளியலறையில் வழுக்காத ரப்பர் பாய், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி. இந்த நோயில் கண் சிமிட்டுவது குறைந்துவிடும், நுரை இறங்கினால் சட்டென்று மூடிக்கொள்ள முடியாது. அதனால் ஒரு உலர்ந்த துண்டை மடித்து நெற்றியோடு சேர்த்து அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கை நடுங்கும், ஆனால் பிடித்துக்கொள்வார். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்ல மாட்டேன், கழுத்து விறைப்பு இருக்கிறது. குவளையால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

ஷாம்பு தடவியதும் செல்போனில் 5 நிமிஷம் டைமர் வைப்பேன். அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. அவர் பேசுவார். இந்த நோய் குரலையும் மெலிதாக்கிவிட்டது, ஊர்க் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசியவர். இப்போது நான் குனிந்து காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் நாள், விலை சரிந்து மஞ்சள் மூட்டையை இருப்பு வைத்தது, அப்பா எங்கள் ரெண்டு பேரையும் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தியது, இப்படி ஏதாவது ஒன்று. மற்ற நேரத்தில் கேட்டால் ரெண்டு வார்த்தைக்கு மேல் வராது. தலையில் யாராவது கை வைத்திருக்கும்போது மட்டும் பேச்சு வருகிறது.

போன ஞாயிறு அண்ணியைப் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்தார். எனக்கு அப்போது வயது எட்டோ ஒன்பதோ, கூடப் போனதாக ஞாபகமே இல்லை. நான் அவர்கள் வீட்டு முறுக்கை டவுசர் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் அண்ணி முதல் முதலாகச் சிரித்தாளாம். அதற்குள் டைமர் அடித்தது. குவளையை எடுத்தேன். "இரு கண்ணு, இதச் சொல்லி முடிச்சுக்கறேன்" என்றார். ஷாம்பு இன்னும் ரெண்டு நிமிஷம் கூடத் தலையில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. குவளையைக் கீழே வைத்தேன்.